வயிற்றில் கட்டி என்றால், "என்ன கட்டி?" என்று கேளுங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது பொறுமையாக வாசியுங்கள்.

ஸ்கேன் ரிப்போர்ட்டில் "வயிற்றில் கட்டி" என்று வந்தவுடன் நம் வீடுகளில் என்ன நடக்கும்?

ஒருத்தர் "உடனே ஆபரேஷன் பண்ணி எடுத்துடுங்க" என்பார்.

இன்னொருத்தர் "ஐயோ, கத்தி பட்டா பரவிடும். கை வைக்க விடாதீங்க" என்பார்.

மூணாவதா ஒரு சித்தப்பா, கட்டியைக் கரைக்கும் கஷாயம் தருபவரின் போன் நம்பரோடு வருவார்.

மூணு பேருமே பாசத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் மூணு பேருமே கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது.

அது என்ன கட்டி?

கட்டி என்பது ஒரு நோயின் பெயர் இல்லைங்க. வயிற்றில் வரும் நிணநீர்ப் புற்றுக்குப் பெரும்பாலும் மருந்துதான் வைத்தியம், கத்தி தேவைப்படுவது குறைவு. நம் ஊரில் குடலில் வரும் காசநோய்கூட ஸ்கேனில் கட்டி மாதிரி தெரியும். அதற்கு காசநோய் மாத்திரையைச் சில மாதங்கள் ஒழுங்காகச் சாப்பிட்டால் போதும். சாதாரண கொழுப்புக் கட்டியைப் பல நேரம் அப்படியே விட்டுவிடலாம். இரைப்பைப் புற்றுநோய்க்கு ஆபரேஷன், கீமோதெரபி என்று வேறு பாதை.

பெயர் தெரியாமல் வைத்தியம் தொடங்குவது, விலாசம் தெரியாமல் பஸ் ஏறுவது போலத்தான்.

இன்று நான் சொல்லப்போவது இந்த வரிசையில் பலரும் கேள்விப்படாத ஒரு கட்டியைப் பற்றி. பெயர் ஜிஸ்ட். தமிழில் இரைப்பை குடல் இடைத்திசுக் கட்டி என்று சொல்லலாம். வருடத்துக்குப் பத்து லட்சம் பேரில் சுமார் 10 முதல் 15 பேருக்கு வரும். அரிதான நோய்தான். ஆனால் சரியான பெயரைக் கண்டுபிடித்தால் ஒரு மனிதரின் விதி எவ்வளவு மாறும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் எம்பிபிஎஸ் படித்த அரசு மருத்துவர். இந்தக் கட்டியை ஆபரேஷன் செய்வது அறுவை சிகிச்சை நிபுணர். மாத்திரையை முடிவு செய்வது புற்றுநோய் நிபுணர். எங்களைப் போன்றவர்களின் வேலை அதற்கு முன்னும் பின்னும் இருக்கிறது. சந்தேகப்பட வேண்டும், சரியான இடத்துக்கு அனுப்ப வேண்டும், திரும்பி வந்தவர் பாதியில் விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கருப்பா போகுது சார்

எங்கள் ஓபிக்கு வந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஐம்பதைத் தாண்டிய ஆண். தேங்காய் உரிக்கும் வேலை. முன்பு ஒரு நாளில் உரித்த காயில் பாதிகூட இப்போது முடியவில்லை, மூச்சு வாங்குது, கண்ணு இருட்டுது என்று வந்தார். கையில் ஒரு மஞ்சப்பை நிறைய சீட்டுகள். வெவ்வேறு இடங்களில் பார்த்திருக்கிறார். ரெண்டு தடவை ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். ஏற்றினால் கொஞ்ச நாள் நன்றாக இருப்பார், மறுபடி இறங்கிவிடும். அன்றைக்கு ஹீமோகுளோபின் 5.8.

"அண்ணே, மலம் எப்படிப் போகுது?" என்று கேட்டேன்.

"கருப்பா போகுது சார். இரும்பு மாத்திரை சாப்பிட்டா அப்படித்தான் போகும்னு சொன்னாங்க."

சொன்னது உண்மைதான். இரும்புச்சத்து மாத்திரை மலத்தைக் கருப்பாக்கும். அதனால்தான் இந்த இடத்தில் எல்லோருக்கும் குழப்பம் வரும்.

"மாத்திரை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி?"

யோசித்தார். கூட வந்த மனைவிதான் சொன்னார். "அதுக்கு முன்னாடியே அப்படித்தாங்க. தார் மாதிரி. தண்ணி ஊத்துனாலும் போவாது. நாத்தம் தாங்காது."

இது முக்கியம் உறவுகளே. மாத்திரையால் வரும் கருப்பு வேறு, உள்ளே ரத்தம் கசிந்து வரும் கருப்பு வேறு. இரைப்பையிலோ சிறுகுடலிலோ ரத்தம் கசிந்தால் அது செரித்து, தார் போலப் பிசுபிசுப்பாக, கடுமையான நாற்றத்துடன் வெளியே வரும்.

இன்னொன்று. மாதவிடாய் நின்ற பெண்ணுக்கும், எந்த வயது ஆணுக்கும் ரத்தசோகை வந்தால், "ஏன் வந்தது?" என்ற கேள்விக்கு விடை கிடைக்கும் வரை ஓயக்கூடாது. ரத்தம் ஏற்றுவது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது. ஊற்றத்தான் வேண்டும், உயிர் முக்கியம். ஆனால் ஓட்டை எங்கே என்றும் தேட வேண்டும்.

ரத்தம் ஏற்றி, எண்டோஸ்கோப்பி செய்ய மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினோம்.

நார்மல்னு வந்துடுச்சே!

எண்டோஸ்கோப்பியில் இரைப்பைக்குள் ஒரு வீக்கம் தெரிந்தது. அதன் உச்சியில் சின்னதாக ஒரு புண். ரத்தம் கசிந்தது அங்கிருந்துதான். அங்கேயே ஒரு சின்னத் துண்டைக் கிள்ளி பயாப்சிக்கு அனுப்பினார்கள்.

ரிசல்ட் வந்தது. புற்றுநோய் செல்கள் இல்லை.

வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. "நார்மல்னு வந்துடுச்சு சார், குலசாமி காப்பாத்திடுச்சு" என்று என்னிடம் வந்து சொன்னார்கள். ஊருக்குத் திரும்பி வேலையைப் பார்க்கக் கிளம்பியேவிட்டார்கள்.

இந்த இடத்தில்தான் ஜிஸ்ட் பலரை ஏமாற்றும்.

வழக்கமான இரைப்பைப் புற்றுநோய் உள்பக்கச் சவ்வில் தொடங்கும். வீட்டுச் சுவரில் ஒட்டிய டைல்ஸ் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். ஜிஸ்ட் டைல்ஸில் தொடங்காது. அதற்குப் பின்னால் இருக்கும் செங்கல் சுவருக்குள் தொடங்கும். சுவர் உப்பும்போது டைல்ஸும் சேர்ந்து உப்பும். எண்டோஸ்கோப்பியில் கிள்ளி எடுத்தால் பல நேரம் டைல்ஸ்தான் கையில் வரும். டைல்ஸ் நார்மல்தான். நோய் அதற்குப் பின்னால் இருக்கிறது.

அதனால் ரிசல்ட் நார்மல் என்றால் "அந்தத் துண்டில் ஒன்றும் இல்லை" என்றுதான் அர்த்தம். "கட்டி இல்லை" என்று அர்த்தம் இல்லை. கண்ணுக்குத் தெரியும் வீக்கத்துக்கு ஒரு விளக்கம் கிடைத்தே ஆக வேண்டும்.

இதைச் சொல்லி அவர்களை அன்றே திருப்பி அனுப்பினேன். சிடி ஸ்கேன் எடுத்தார்கள். இரைப்பைச் சுவரிலிருந்து வெளிப்பக்கமாக வளர்ந்த 8 சென்டிமீட்டர் கட்டி. எண்டோஸ்கோப்பி முனையிலேயே அல்ட்ராசவுண்ட் இருக்கும் கருவியை உள்ளே விட்டு, இரைப்பைக்குள்ளிருந்தே ஊசியால் கட்டியின் உள்ளேயிருந்து சதை எடுத்தார்கள். அதற்குச் சிறப்புச் சாயப் பரிசோதனை செய்தார்கள். சிடி 117, டாக் 1 என்ற இரண்டு அடையாளங்களும் பாசிட்டிவ்.

ஜிஸ்ட்.

"ஊசி போட்டு எடுத்தா பரவிடும்" என்ற பயத்துக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டி மென்மையானது, கையாளும்போது உடையக்கூடியது. அதனால் வெளியே வயிற்றுத் தோல் வழியாகக் குத்துவதைவிட, முடிந்தவரை எண்டோஸ்கோப்பி வழியாக எடுப்பதையே மருத்துவர்கள் விரும்புவார்கள். ஸ்கேனில் ஜிஸ்ட் என்று தெளிவாகத் தெரிந்து, முழுசாக எடுக்க முடியும் என்றால், சில நேரம் பயாப்சி இல்லாமலே நேராக ஆபரேஷனுக்குப் போவதும் உண்டு. ஆனால் மாத்திரையில் தொடங்க வேண்டும் என்றால் பயாப்சி கட்டாயம். எது தேவை என்பதை உங்களைப் பார்க்கும் மருத்துவக் குழு முடிவு செய்யட்டும். பயத்தில் நாமே "வேண்டாம்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வரக்கூடாது.

ஒரு சுவிட்ச்சின் கதை

நம் இரைப்பையும் குடலும் தாளம் தப்பாமல் சுருங்கி விரிகின்றன. அதற்குத் தாளம் போட்டுக் கொடுக்கும் செல்கள் அவற்றின் சுவருக்குள்ளேயே இருக்கின்றன. கஹால் செல்கள் என்று பெயர். 1906-இல் நோபல் பரிசு பெற்ற ஸ்பெயின் விஞ்ஞானி ரமோன் இ கஹாலின் பெயர் அது. இந்த வகைச் செல்களிலிருந்துதான் ஜிஸ்ட் உருவாகிறது. சுமார் 60 சதவீதம் இரைப்பையில், 30 சதவீதம் சிறுகுடலில்.

பல காலமாக இதைத் தசைக் கட்டி என்றே நினைத்து வைத்தியம் பார்த்தார்கள். ஆபரேஷனில் எடுக்க முடிந்தால் சரி. எடுக்க முடியாமல் பரவிவிட்டால், அன்றிருந்த கீமோதெரபி மருந்துகள் பெரும்பாலும் பலன் தரவில்லை.

1998-இல் ஜப்பானில் ஹிரோட்டா, கிட்டாமுரா குழுவினர் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார்கள். இந்தக் கட்டிகளில் கிட் என்ற மரபணு பழுதாகியிருக்கிறது. கிட் என்பது செல்லை "வளர்" என்று சொல்லும் ஒரு சுவிட்ச். தேவைப்படும்போது ஆன் ஆகி, முடிந்ததும் ஆஃப் ஆக வேண்டும். ஜிஸ்ட்டில் அது ஆனிலேயே மாட்டிக்கொண்டிருக்கிறது. மாடியில் டேங்க் நிரம்பி வழிந்தும் நிற்காத மோட்டார் மாதிரி. பெரும்பாலான ஜிஸ்ட் கட்டிகளில் இந்தக் கிட் சுவிட்ச்தான் பழுது. சிலவற்றில் மட்டும் அதன் பங்காளி மரபணு ஒன்று.

அதே காலத்தில் ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்காக இமாடினிப் என்ற மாத்திரை சோதனையில் இருந்தது. அது கிட் சுவிட்ச்சையும் அடைக்கும் என்று தெரிந்தது. 2000-இல் பின்லாந்தின் ஹெல்சின்கியில், பரவிய ஜிஸ்ட் நோயால் எல்லா வழியும் அடைபட்டிருந்த ஒரு பெண்ணுக்கு அந்த மாத்திரையைக் கொடுத்தார்கள். சில வாரங்களிலேயே கட்டிகள் அடங்கத் தொடங்கின. 2002-இல் அமெரிக்காவில் ஜிஸ்ட்டுக்கு இந்த மாத்திரை அங்கீகாரம் பெற்றது.

கண்டுபிடிப்பிலிருந்து நான்கே வருடம். கட்டிக்குச் சரியான பெயர் கிடைத்ததும் அதற்கான மாத்திரையும் கிடைத்தது.

சென்னையிலிருந்து டெல்லி வரை

மாத்திரை வந்துவிட்டது. விலை?

கிளிவெக் என்ற பிராண்டில் மாதத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாய். நம் நாட்டு நிறுவனங்கள் அதே மருந்தைச் சுமார் 8,000 முதல் 10,000 ரூபாய்க்குத் தயாரித்துக் கொடுத்தன.

அந்த மருந்தின் ஒரு படிக வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டு நோவார்டிஸ் நிறுவனம் 1998-இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்திருந்தது. புற்றுநோயாளிகளுக்கு உதவும் ஓர் அமைப்பும் உள்நாட்டு மருந்து நிறுவனங்களும் எதிர்த்தன. 2006 ஜனவரியில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

ஏற்கனவே தெரிந்த மருந்தின் புது வடிவத்துக்கு, அதன் பலன் கூடுகிறது என்று காட்டினால்தான் காப்புரிமை என்கிறது நம் சட்டத்தின் 3(டி) பிரிவு. அந்தப் பிரிவையே எதிர்த்துப் போட்ட வழக்கை 2007 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. கடைசியாக 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் காப்புரிமை கிடையாது என்று தீர்ப்பளித்தது.

நியாயமாக இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். அந்த நிறுவனம் நம் நாட்டில் ஏராளமான நோயாளிகளுக்கு இந்த மருந்தை இலவசமாகவும் கொடுத்து வந்தது. ஆனால் ஒரு நோயாளியின் உயிர் ஒரு நிறுவனத்தின் தயவில் இருப்பதும், கட்டுப்படியாகும் விலையில் மருந்துக் கடையில் கிடைப்பதும் ஒன்றல்லவே. 2015-இல் உலக சுகாதார நிறுவனம் இமாடினிபை அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது.

தேங்காய் உரிக்கும் ஒரு மனிதர் மாதா மாதம் இந்த மாத்திரையை வாங்கிப் போவதற்குப் பின்னால் இவ்வளவு பெரிய கதை இருக்கிறது.

அதான் எடுத்துட்டாங்கல்ல, அப்புறம் எதுக்கு மாத்திரை?

அவருக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இரைப்பையில் கட்டி இருந்த பகுதியை மட்டும், கட்டி உடையாமல் முழுசாக எடுத்தார்கள். இந்தக் கட்டி நெறிக்கட்டிகளுக்குப் பரவுவது அரிது என்பதால், வழக்கமான இரைப்பைப் புற்றுநோய் ஆபரேஷன் போல அவற்றை எல்லாம் விரிவாக அகற்ற வேண்டியதில்லை. பெயர் தெரிந்ததால் இரைப்பையின் பெரும்பகுதி மிச்சமானது.

எடுத்த கட்டியை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். எத்தனை செல்கள் பிளந்து பெருகிக்கொண்டிருக்கின்றன என்று எண்ணுவார்கள். கட்டியின் அளவு, இருந்த இடம், இந்த எண்ணிக்கை, ஆபரேஷனுக்கு முன்போ ஆபரேஷனின்போதோ உடைந்ததா என்ற நான்கையும் வைத்துத்தான் திரும்ப வரும் ஆபத்தைக் கணிப்பார்கள். இவருக்கு ஆபத்து அதிகம் என்று வந்தது. இமாடினிப் 400 மில்லிகிராம், தினமும் ஒரு வேளை, மூன்று வருடம்.

எட்டு மாதம் சாப்பிட்டார். ஹீமோகுளோபின் 12-ஐத் தாண்டியது. வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டார். ஒரு நாள் வந்து உட்கார்ந்தார்.

"சார், கட்டியத்தான் முழுசா எடுத்துட்டாங்கல்ல. காலைல எந்திரிச்சா கண்ணு ரெண்டும் வீங்கிக்குது. குமட்டுது. ராத்திரில கெண்டைக்கால் இழுக்குது. ரொம்ப நாள் சாப்பிட்டா கிட்னி போயிடும்னு மச்சான் சொல்றாரு. நிறுத்திடட்டுமா?"

கேள்வியில் தப்பே இல்லை. நன்றாக இருக்கும் மனிதன் தினமும் குமட்டலைத் தரும் மாத்திரையை ஏன் சாப்பிட வேண்டும்?

"அண்ணே, உங்க வீட்டு மோட்டார் சுவிட்ச் பழுதாகி ஆன்லயே நிக்குதுன்னு வைங்க. இந்த மாத்திரை அந்தச் சுவிட்ச்ச மாத்திப் போடல. கையால அமுக்கிப் பிடிச்சு ஆஃப்ல வச்சிருக்கு. கண்ணுக்குத் தெரிஞ்ச கட்டிய எடுத்தாச்சு. கண்ணுக்குத் தெரியாம நாலு செல் எங்கயாவது ஒளிஞ்சிருந்தா, அதையும் இப்ப இந்தக் கைதான் அமுக்கிப் பிடிச்சிருக்கு. கைய எடுத்தா?"

"மோட்டார் ஓடிடும்" என்றார்.

அவருக்குச் சொன்ன கணக்கை உங்களுக்கும் சொல்கிறேன். ஆபரேஷன் முடிந்த, ஆபத்து அதிகமுள்ள 400 நோயாளிகளை வைத்து ஸ்காண்டிநேவிய நாடுகளும் ஜெர்மனியும் சேர்ந்து ஓர் ஆய்வு செய்தன. 2012-இல் வெளியானது. பாதிப் பேருக்கு ஒரு வருடம் மாத்திரை, மீதிப் பேருக்கு மூன்று வருடம். ஐந்து வருட முடிவில் உயிரோடு இருந்தவர்கள், ஒரு வருடக் குழுவில் 81.7 சதவீதம். மூன்று வருடக் குழுவில் 92 சதவீதம். நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 47.9 சதவீதம், 65.6 சதவீதம்.

நூறு பேரில் பத்துப் பேரின் உயிர், அந்தக் கூடுதல் ரெண்டு வருட மாத்திரையில் இருக்கிறது.

தொல்லைகளுக்கு வழி இருக்கிறது. வயிறு நிறையச் சாப்பிட்டு, ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு மாத்திரையை விழுங்கினால் குமட்டல் குறையும். கண்ணைச் சுற்றி வீக்கம் இந்த மருந்தில் அடிக்கடி வருவதுதான். கால் இழுப்பதையும் மருந்து கொடுத்துக் குறைக்கலாம். கிட்னி, ஈரல், ரத்த அணுக்களை அவ்வப்போது ரத்தப் பரிசோதனையில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். அவருடைய ரிப்போர்ட்டை மச்சானுக்கும் காட்டச் சொன்னேன். தாங்க முடியாத தொல்லை என்றால் புற்றுநோய் நிபுணர் அளவை மாற்றுவார். நாமாக நிறுத்தக் கூடாது.

அவர் நிறுத்தவில்லை. இப்போது மூன்றாவது வருடம் நடக்கிறது. நோய் இனி வரவே வராது என்று நான் அவருக்கு வாக்குக் கொடுக்கவில்லை. யாராலும் கொடுக்க முடியாது. அதற்காகத்தான் சில மாதங்களுக்கு ஒருமுறை சிடி ஸ்கேன்.

நீங்கள் நினைவில் வைக்க வேண்டியவை

1. தார் போன்ற கருப்பு மலம், காரணம் தெரியாத ரத்தசோகை, கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைவது, வயிற்றில் கையில் தட்டுப்படும் கட்டி, காரணமில்லாமல் எடை குறைவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் காட்டுங்கள். பயப்பட வேண்டாம். பெரும்பாலும் காரணம் குடற்புண், மூட்டுவலிக்கு வாங்கிச் சாப்பிடும் வலி மாத்திரை, மூலம், கொக்கிப்புழு என்று சாதாரணமாகவே இருக்கும். ஆனால் காரணம் தெரிய வேண்டும்.

2. கட்டி என்றால் "என்ன கட்டி?" என்று கேளுங்கள். பயாப்சி நார்மல் என்றால், "அப்போ அந்த வீக்கம் என்ன?" என்று அடுத்த கேள்வியையும் கேளுங்கள். மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

3. ஜிஸ்ட் எல்லாமே ஒரே மாதிரி இல்லை. இரைப்பையில் 2 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருப்பவற்றைப் பல நேரம் கண்காணித்தாலே போதும். மரபணுவில் எந்த இடத்தில் பழுது என்பதைப் பொறுத்துச் சிலருக்கு மாத்திரையின் அளவு கூடும், சிலருக்கு இமாடினிப் வேலையே செய்யாது, வேறு மருந்து வேண்டும். மரபணுப் பரிசோதனை தேவையா என்று புற்றுநோய் நிபுணரிடம் கேளுங்கள்.

4. பயாப்சி ரிப்போர்ட், சிடி படம், ஆபரேஷன் குறிப்பு எல்லாவற்றையும் ஒரே பைலில் வையுங்கள். எடுத்த சதையை மெழுகில் பதித்து ஆய்வகத்தில் வைத்திருப்பார்கள். அதற்கு பிளாக் என்று பெயர். பின்னால் வேறு பரிசோதனை செய்ய அது உதவும். எங்கே இருக்கிறது என்று கேட்டுக் குறித்து வையுங்கள்.

5. இமாடினிப் சாப்பிடும்போது வேறு எந்த மாத்திரை, நாட்டு மருந்து எடுத்தாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள். சில மருந்துகள் ரத்தத்தில் இதன் அளவைக் கூட்டும், சில குறைக்கும். இந்த மாத்திரை எடுக்கும் காலத்தில் கர்ப்பம் தரிக்கக் கூடாது.

6. பணம் இல்லை என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள். அரசு மருத்துவமனையிலேயே சொல்லுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள். மாத்திரை தீரும் நாளைக் காலண்டரில் குறித்து, ஒரு வாரம் முன்பே அடுத்த மாதத்துக்கானதை வாங்கிவிடுங்கள்.

உங்கள் தெருவில், உறவில் யாராவது மாதக்கணக்கில் ரத்தம் ஏற்றிக்கொண்டும் இரும்பு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டும் இருந்தால், இந்தப் பதிவைப் படித்துக் காட்டுங்கள். அப்படியே "மலம் எந்த நிறத்தில் போகுது?" என்றும் கேளுங்கள். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். பரவாயில்லை, கேளுங்கள்.